நாலாம் நம்பர் சாவி

கைக்குட்டை எடுக்கத்தான் பியூலா ஸ்வெட்டர் பைக்குள் கையை விட்டாள். கைக்குட்டைக்கு அடியில் ஒரு பித்தளைச் சாவி கிடந்தது. எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, தொட்டாலே தெரியும்: கனமான தண்டு, தலையில் வளையம், வளையத்தில் நீளமாக ஒரு சிவப்பு நாடா, நாடாவின் நுனியில் நம்பர் அடித்த தகரம். காலையில் பலகையிலிருந்து பிடுங்கியது நாலாம் நம்பர் என்று நன்றாக ஞாபகம் இருந்தது. இந்த முடுக்கி ஆய்வுக்கூடத்தில் புதிதாக வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே இந்தச் சாவிதான். பீம் என்கிற துகள் கற்றை பாய்கிற கூடத்துக்குள் கால் வைக்கிறவன் எவனாக இருந்தாலும் வாசல் பலகையிலிருந்து ஒரு சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் அதே துளையில் திருப்பிச் செருக வேண்டும். ஒரே ஒரு துளை காலியாக இருந்தாலும் பீம் வராது. உள்ளே ஒரு உயிர் இருக்கிறது என்று இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மறதியாகச் சாவியோடு கான்டீனுக்குப் போய்விடுகிற வெளியூர் ஆட்களை வாசலிலேயே நிறுத்தி வைத்து, ‘உங்க வீட்டு பீரோ சாவியா அது?’ என்று கேட்டு அழ வைத்தவள் பியூலா. கூடத்துக்கே பொறுப்பாளர் அவள்தான். இப்போது மத்தியானத்திலிருந்து பீம் வரவில்லை, கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள், பொறுப்பாளர் அம்மாளின் பையில் சாவி சுகமாகக் கைக்குட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. நல்ல வேடிக்கைதான்.

எப்படி மறந்தது? மறக்கிற ஆளா அவள்? இந்தக் குலசேகரனால் வந்த வினை. வெற்றிடப் பம்பின் வால்வு ஒன்று கசிகிறது என்று இன்றைக்குப் பீம் நேரம் வாங்கியிருந்த அவன் குழு பீமை நிறுத்தச் சொன்னது, பொறுப்பாளர் என்ற முறையில் அவளும் கூடவே உள்ளே போனாள், வால்வை இறுக்கினாள், ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கனத்த ஈயக் கதவருகே அவன் ஒதுங்கி நின்று கையை நீட்டி, ‘முதலில் நீங்கள், டாக்டர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவ்வளவுதான். அந்த ‘டாக்டர்’ காதில் விழுந்ததும் ரத்தம் ஏறிவிட்டது, பலகை, துளை, சாவி எதுவும் கண்ணில் படவில்லை, விறுவிறுவென்று நடந்து கான்டீனுக்குப் போய் ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். பாளையங்கோட்டைக்காரன். ஆராய்ச்சி மாணவனாக இந்த வடக்கத்தி ஊருக்கு வந்து இறங்கியபோது ஒரு கம்பளிகூடக் கொண்டுவராதவன். அவள் வீட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவள் வைத்த மீன் குழம்பைக் கையால் வழித்து நக்கி, ‘எக்கா, எங்க அம்மகூட இப்படி வைக்க மாட்டா’ என்று சொன்ன வாய் அது. இந்தக் கட்டிடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் அவர்கள் இரண்டே பேர். ஒரு காலத்தில் பீம் இல்லாத நேரமெல்லாம் தமிழில் ஊர்வம்பு அளந்து, இயக்குநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இயக்குநரின் தொப்பையைப் பற்றிப் பேசிச் சிரித்திருக்கிறார்கள். அந்தக் கருத்தரங்குக்குப் பிறகு எல்லாம் ஆங்கிலம். ‘யெஸ், டாக்டர்.’ ‘நோ, டாக்டர்.’ பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மரியாதை. செருப்பால் அடித்தால்கூட இத்தனை வலிக்காது.

சரி, எடுத்து நீட்டிவிட வேண்டியதுதானே. ‘ஐயையோ, என் பையிலேயே இருக்கே’ என்று ஒரு சிரிப்புச் சிரித்தால் முடிந்தது. பத்து நாளைக்குக் கேலி செய்வார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கண்ட்ரோல் ரூம் திவாரியின் குரல் கரகரத்தது: இன்று கூடத்துக்குள் போனவர்கள் அத்தனை பேரும் தயவுசெய்து பைகளைச் சோதித்துப் பாருங்கள், நாலாம் நம்பர் காணவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பதிவு அறையின் அந்தக் கோடியில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்த குலசேகரன் நாற்காலியோடு திரும்பினான். ‘டாக்டர், தற்செயலாக உங்களிடம் இருக்குமோ?’ என்று ஆங்கிலத்தில் கேட்டான். தற்செயலாக! வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவனுக்கு? அதே வார்த்தையைத்தானே அன்றைக்கு மேடைக்குக் கீழே நின்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்? அவள் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து வந்தது வேறு. ‘நான் அப்போதே திருப்பி வைத்துவிட்டேன்.’ அவன் தலையாட்டிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, இனிமேல் எடுத்துக் காட்ட முடியாது என்று. மறதிக்கு மன்னிப்பு உண்டு, பொய்க்கு எங்கே போவது? ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அது வெறும் மறந்துபோன சாவி. இப்போது திருடின சாவி.

தற்செயல். அந்தச் சொல்லை நினைத்தாலே நாக்கில் கசக்கிறது. பல வருஷம் அவள் உட்கார்ந்து செய்த வேலை அது. லித்தியம் அணுக்கருவை வேகமாகப் பாய்ச்சி ஒரு மெல்லிய தகட்டில் அடிக்க வேண்டும். அது தகட்டிலுள்ள கருவை உரசிக்கொண்டு போகிற போக்கில் ஒரு புரோட்டானைப் பறித்துக்கொள்கிறது; பறித்ததும் அது லித்தியம் இல்லை, பெரிலியம். அந்தப் பெரிலியத்துக்கு ஆயுசே கிடையாது. கண் இமைக்கும் நேரம் என்பது அதற்கு யுகக் கணக்கு. பிறந்த இடத்திலேயே இரண்டு ஆல்ஃபாத் துகள்களாக உடைந்துவிடும். அதை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. துகள்களைப் பதிவு செய்கிற டிடெக்டர் வரைக்கும் வந்து சேர்வது துண்டுகள் மட்டும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால், எது என்ன ஆற்றலோடு வந்தது, நடுவில் எவ்வளவு கோணம் என்று அளந்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒன்றை ஒன்று எத்தனை பலமாக உதைத்துப் பிரிந்தன என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருந்தால் அந்தக் கணக்கு திரும்பத் திரும்ப ஒரே எண்ணில் வந்து நிற்கும், வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். எங்கிருந்தோ வந்த இரண்டாக இருந்தால் எண் கண்டபடி சிதறும். அவளுக்கு மேடு எழும்பியது. சின்ன மேடுதான், ஆனால் எழும்பியது. டிடெக்டரில் வந்து விழுகிற ஆல்ஃபாக்களில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது என்று அவள் மேடையில் நின்று சொன்னாள். சொல்லி முடித்ததும் குலசேகரன் எழுந்தான். தம்பி எழுந்திருக்கிறானே, நல்லதாக எதையாவது கேட்டு எடுத்துக் கொடுப்பான் என்று அவள் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். மூதேவி, அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் கன்னம் எரிகிறது. ‘ஒரே பஸ்ஸிலிருந்து தற்செயலாக இரண்டு பேர் ஒன்றாக இறங்கினால், அவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் என்று டாக்டர் பியூலா முடிவு கட்டிவிடுகிறார்’ என்றான். அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் பதில் சொன்னாளா? சொன்னாள், என்னவோ சொன்னாள், சிரிப்புச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

அதோடு விட்டதா? கட்டுரையை அனுப்பினாள், திரும்பி வந்தது. பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் எழுதியிருந்த வாசகத்தை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள்: ஒரே பஸ்ஸில் இறங்கியவர்களை உறவினர்கள் ஆக்குவதற்கு இந்தச் சான்று போதாது. பஸ்! அதே பஸ்! வேறு எவன் எழுதியிருப்பான்? கையெழுத்துப் போடாவிட்டால் ஆள் தெரியாது என்று நினைத்துக்கொண்டானா? சிரித்த அத்தனை பேருக்கும் அந்தப் பஸ் தெரியுமே, அவர்களில் எவனும் எழுதியிருக்கலாமே என்று ஒரு எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அதைத் தலையில் குட்டி உட்கார வைத்துவிடுவாள். இவன்தான். இவன் இல்லாமல் யார்? அந்தக் கட்டுரை வந்திருந்தால் அவளுக்குத் தனிக் குழு கிடைத்திருக்கும், கூடத்துக்குச் சாவிக் காவல் காக்கிற வேலை வந்திருக்காது. அவளோடு சேர்ந்தவர்களெல்லாம் வெளிநாடு போய்ப் பேசுகிறார்கள், இவள் வால்வு இறுக்குகிறாள். பைக்குள் விரல் நாடாவைச் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. சுற்றிவிட்டு அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். இப்போது அவன் எதற்கு வந்திருக்கிறான்? அவளுடைய அதே பரிசோதனையை, அதே லித்தியத்தை, அதே தகட்டை வைத்து, அவள் கூடத்திலேயே செய்து பார்க்க வந்திருக்கிறான். தாராளம்தான். கொலை செய்த வீட்டுக்கே வந்து பிணத்துக்குக் காது குத்தப் பார்க்கிறான்.

அதிலும் அவன் தப்பாகச் செய்கிறான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, அதுதான் உள்ளூர இனிக்கவும் செய்தது. காலையில் காபியை எடுத்துக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் கடந்தபோது திரையில் பார்த்தாள். டிடெக்டர் என்பது ஒரு சிலிக்கான் தகடு. அதில் பாய் கோரை மாதிரி வரிசையாக மெல்லிய பட்டைகள். ஒரு துகள் இரண்டு பட்டைக்கு நடுவிலுள்ள கோட்டில் போய் விழுந்தால் அதன் ஆற்றல் பாதி இங்கே பாதி அங்கே என்று பிரிந்து பதிவாகும். அதனால் அடுத்தடுத்த பட்டைகளில் ஒரே நேரத்தில் பதிவானால் இரண்டையும் கூட்டி ஒரே துகள் என்று எழுதிக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் கைப்பழக்கம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, யோசிக்காமலே செய்வார்கள். ஆனால் இந்தப் பெரிலியம் இருக்கிறதே, அதன் இரண்டு துண்டுகளும் விலகாமல் ஒட்டி உரசிக்கொண்டுதான் வரும், பெரும்பாலும் அடுத்தடுத்த பட்டைகளில்தான் விழும். பழக்கதோஷத்தில் கூட்டினவன் இரண்டு பிள்ளையையும் ஒன்றாக்கிப் புதைத்துவிட்டு, ‘இங்கே ஜோடியே இல்லையே’ என்று கையை விரிப்பான். இவன் திரையில் அந்தக் ‘கூட்டு’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முட்டாள், கூட்டுடா, நன்றாகக் கூட்டு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே காபியைக் குடித்தாள். ஆனால் கான்டீனில் உட்கார்ந்திருந்தபோது பயம் வந்தது. இவன் ஒன்றுமில்லை என்று அறிவித்தால் இவனைத்தானே நம்புவார்கள்? பஸ் என்று சொல்லிச் சிரிக்க வைத்த வாய் அல்லவா. இவன் கூட்டினானா கழித்தானா என்று எவன் போய்ப் பார்க்கப் போகிறான்? அப்படியானால் இந்தச் சாவி பையில் இருப்பது ஒருவகையில் நியாயம்தான். ஒரு தப்பான பரிசோதனை நடக்காமல் தடுக்கிறாள். விஞ்ஞானத்துக்குச் செய்கிற சேவை. அந்த நியாயத்தை அவள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் இளைத்துப்போய்த் திரும்பி வந்தது.

சுவரிலுள்ள சின்னத் திரையில் கூடம் தெரிந்தது. ஆள் இல்லாத சாம்பல் நிறம், காந்தங்களின் முதுகு, தரையெல்லாம் கேபிள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அறையைவிட்டு எழுந்து போன குலசேகரன் அதற்குள் நடந்துகொண்டிருந்தான். சாவி காணவில்லை என்றால் சட்டப்படி மறுபடி தேட வேண்டும். யாராவது மயங்கி விழுந்து கிடக்கிறார்களா என்று ஒவ்வொரு மூலையாகப் போய்க் குரல் கொடுக்க வேண்டும். படம் ஊமைப் படம், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ‘எனிபடி ஹியர்?’ என்று கத்துகிறான் போலிருக்கிறது. காந்தத்துக்கு அடியில் குனிந்தான். கேபிள் போகிற பள்ளத்தருகே மண்டியிட்டான், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கையை உள்ளே விட்டுத் துழாவினான். அவனுக்கு இடது முழங்கால் சரியில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கட்டுப் போட்டிருந்தபோது ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தவள் இவள்தான். எழுந்திருக்க முடியாமல் காந்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றான். பியூலாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வயிறு குளிர்ந்தது. தேடுடா. இன்னும் குனி. உன் வாயால் கூப்பிடு, யாராவது இருக்கிறீர்களா என்று அந்தச் சுவரைப் பார்த்துக் கூப்பிடு. அன்றைக்கு மேடையில் நான் இப்படித்தான் ஒரு முகமாவது இருக்காதா என்று தேடினேன். அவன் கேமரா பக்கம் திரும்பி நேராகப் பார்த்தான். பார்த்தது கேமராவைத்தான், அவளை இல்லை. அதற்குள் அவள் கை பைக்குள் முஷ்டியாகிவிட்டது, நாடா விரலை இறுக்கியது.

போன் அடித்தது. மார்த்தாண்டத்திலிருந்து அம்மா. எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப அடிப்பாள். ‘மக்களே, சாப்பிட்டியா? என்ன, ஒனக்க சத்தம் ஒரு மாதிரி இருக்கு? சளியா?’ ‘ஒண்ணும் இல்லம்மா, வேலையா இருக்கேன்.’ ‘அந்த ஊருல குளிரு, மிளகு தட்டிப் போட்டுக் குடி. கேட்டியா? அந்தத் தம்பி, கொலசேகரன், இப்பமும் வருவானா?’ ‘இல்ல.’ ‘நல்ல பிள்ள’ என்றாள் அம்மா. பியூலா போனை வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை! அம்மாவுக்கு யார்தான் கெட்ட பிள்ளை, சித்தியைத் தவிர. இரண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு. ஏதோ ஒரு சண்டையில் அம்மா கிணற்றுக் கப்பியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டாள். சித்தி தண்ணீர் இல்லாமல் தவிக்கட்டுமாம். தவித்தது இரண்டு வீடும்தான், எடுத்து மாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அம்மாவும் தண்ணீர் இறைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். ‘எதிரிக்குச் சகுனத் தடை ஆகணும்னு தன் மூக்க அறுத்தவ ஒனக்க அம்ம’ என்று அப்பா போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். சித்தி மறுநாளே புதுக் கப்பியும் கயிறும் வாங்கிவிட்டாள். இதெல்லாம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? அது பொறாமை. இது வேறு. இது நியாயத்துக்காக. நாடாவை அவிழ்க்கப் பார்த்தாள். விரல் வியர்த்திருந்தது, முடிச்சு விழுந்திருந்தது, ஒரு கையால் அவிழ்க்க வரவில்லை. இரண்டு கையையும் பைக்குள் விட்டால் எவனாவது பார்ப்பான்.

குலசேகரன் திரும்பி வந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. தட்டினான், பார்த்தான், மறுபடி தட்டினான். காலையில் கொஞ்ச நேரம் ஓடிய பீமின் பதிவுகளை வைத்துக்கொண்டு எதையோ அலசுகிறான். முதுகு மட்டும் தெரிந்தது. முதுகைப் பார்த்து ஒரு மனிதனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? கள்ளனின் முதுகும் இப்படித்தான் இருக்கும், சாமியாரின் முதுகும் இப்படித்தான் இருக்கும். அப்போதுதான் அது வந்தது, நாள் முழுக்க வாசலில் காத்துக்கொண்டிருந்த மாதிரி. அவன் கூட்டவில்லை என்றால்? சரியாகத்தான் செய்கிறான் என்றால்? சரியாகச் செய்தும் அங்கே மேடு இல்லை என்றால்? அதுதானே பயம். இவன் தப்பாகச் செய்வான் என்பது ஒரு பயமே இல்லை, தப்பைத் திருத்தலாம், சண்டை போடலாம். இவன் ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகவே அந்த இடம் வெறும் தரையாக இருந்துவிட்டால் அவள் எங்கே போவாள்? அவளுடைய மேடு சின்ன மேடுதான். சில இரவுகளில் அதை நினைத்தால் இன்னும் சின்னதாகத் தெரியும். வரைபடத்தில் எண்களைப் பிரித்துப் போடுகிற கட்டங்களின் அகலத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் அது தோள்பட்டை தொங்கிப்போய் நிற்கும், அவளுக்குத் தெரியும், அவள் மாற்றிப் பார்த்திருக்கிறாள். பஸ்ஸில் வந்தவர்கள் நிஜமாகவே அந்நியர்கள்தானா? ஆக, அவள் சாவியை வைத்திருப்பது விஞ்ஞானத்துக்காக இல்லை. தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக. இந்த எண்ணத்தையும் குட்டி உட்கார வைக்கப் பார்த்தாள். இது உட்காரவில்லை, எதிரே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நீட்டிவிடலாமா? இப்போதுகூட ஓடிப்போய்ப் பலகைக்குக் கீழே போட்டுவிட்டு, இதோ கிடக்கிறதே என்று கத்தலாம். எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள். கூடத்துக்குள் போய் மண்டியிட்டவன் கண்ணில் படாத சாவி பலகைக்கு நேர்கீழே எப்படி வந்தது என்று எந்த மடையனும் கேட்பான்.

வராந்தாவில் பெட்டி உருளும் சத்தம். அடுத்த குழுவினர் வந்துவிட்டார்கள். சாயங்காலம் ஆனால் பீம் அவர்களுடையது, அது மாற்ற முடியாத அட்டவணை. அதற்குப் பிறகு குலசேகரனுக்கு மறுபடி நேரம் கிடைக்க வேண்டுமானால் வரிசையில் நின்று, விண்ணப்பம் போட்டு, அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ. சாவி இல்லாமல் பூட்டைத் தாண்டிப் பீம் விடுவதற்குப் பாதுகாப்பு அதிகாரி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மனிதர் ஏதோ நிச்சயதார்த்தத்துக்காகப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தவர், கிளம்பிவிட்டார், வழியில் இருக்கிறார், அடுத்த குழுவுக்குக் கையெழுத்துக் கிடைத்துவிடும் என்று ஒலிபெருக்கியில் திவாரி சொன்னான். ஜன்னலில் வெயில் வற்றிக்கொண்டிருந்தது. குலசேகரனின் நேரம் போயே போய்விட்டது. ஜெயித்துவிட்டாள். பியூலா அந்த ஜெயத்தை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தாள். பித்தளை ருசி அடித்தது.

‘எக்கா.’

அவள் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் குலசேகரன் நின்றான், கையில் விரித்த லேப்டாப். இந்தச் சத்தத்தை அவள் கேட்டு எத்தனை காலம்! யாரோ வேறு ஒருத்தியைக் கூப்பிடுகிறான் என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கக்கூடப் போனாள். அவன் முகம் ஒன்றும் சிநேகமாக இல்லை. கடுகடுவென்றுதான் இருந்தது. ‘ஒங்க மேல எனக்கு இன்னும் கோவந்தான், அத மறைக்கல’ என்றான். ‘அந்தப் பேப்பர நாந்தான் தட்டிவிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிருக்கிய. அது எங்கிட்ட வரவே இல்ல. வந்திருந்தா பேரு போட்டுத்தான் எழுதிருப்பேன். பஸ்ஸுன்னு சொன்னது நாந்தான், அது எனக்க வாய்க்கொழுப்பு. ஒங்களத் தப்புன்னு காட்டணும்னுதான் இங்க வந்தேன். இதப் பாருங்க.’ லேப்டாப்பை மேஜைமேல் வைத்தான். ‘காலையில நீ கூட்டினியே’ என்றாள். அவளும் தமிழில் சொன்னாள் என்பது பிறகுதான் உறைத்தது. ‘பக்கத்துப் பட்டையக் கூட்டி வச்சிருந்தியே, நான் பாத்தேன்.’ ‘அது ஒப்பிட்டுப் பாக்கதுக்கு. ரெண்டு ஜன்னல் தொறந்து வச்சிருந்தேன், ஒண்ணுல கூட்டி, ஒண்ணுல கூட்டாம. நீங்க ஒண்ணத்தான் பாத்தியளாக்கும். இது கூட்டாதது. பாருங்கன்னா பாருங்களேன்.’

பார்த்தாள். தரையெல்லாம் சிதறல், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் எழும்பி நின்றது. அவள் சொன்ன அதே எண்ணில். கட்டத்தின் அகலத்தை அவன் மாற்றிக் காட்டினான், நின்றது. இன்னும் மாற்றினான், நின்றது. ‘இருக்கு பாத்தியளா’ என்றான். ‘நீங்க சொன்னது இருக்கு. ஆனா இவ்வளவு காணாது, பத்தாது. காலையில ஓடுனது கொஞ்சம், இத வச்சி பேப்பர் போட்டா மொத ஆளா நானே எந்திச்சி கேப்பேன். மத்தியானம் பூரா பீம் வந்திருந்துன்னா ஒரு பய வாயத் தொறக்க முடியாது. ஒங்க பேர மொதல்ல போட்டு எழுதணும்னு இருந்தேன். எவனோ ஒரு சவத்துப்பய சாவியப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். நானும் முட்டு தேய அந்தக் குழிக்குள்ள எல்லாம் கையவிட்டுப் பாத்துட்டேன்.’ பியூலாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேடு இருக்கிறது. அவள் பைத்தியக்காரி இல்லை. அந்த இரண்டும் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தன. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பிறந்த பிள்ளையைத் தொடுகிற மாதிரி. பைக்குள்ளிருந்த கையை எடுத்துத் திரையை நோக்கி நீட்டினாள்.

சிவப்பு நாடா விரலில் சுற்றியபடியே வந்தது. நாலாம் நம்பர் சாவி நாடாவின் நுனியில் ஒரு ஆட்டம் ஆடி, லேப்டாப்பின் ஓரத்தில் டங்கென்று இடித்து, மேஜைமேல் கிடந்தது. விரல் நீலம் பாரித்திருந்தது, நாடா சதைக்குள் பதிந்திருந்தது. எத்தனை நேரமாக அது அப்படிச் சுற்றியிருக்கிறது என்று பார்க்கிற எவனுக்கும் தெரியும். குலசேகரன் சாவியைப் பார்த்தான். விரலைப் பார்த்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தமிழில்தான் சொல்ல நினைத்தாள், ‘தம்பி’ என்றுகூட ஆரம்பிக்கப் பார்த்தாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை, திவாரியைக் கூப்பிட்டால்கூடத் தேவலை. அவன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். மேடு உள்ளே போய்விட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, ஒதுங்கி வழிவிட்டு, வாசலை நோக்கிக் கையை நீட்டினான்.

‘கண்ட்ரோல் ரூமில் நீங்களே கொடுத்துவிடுங்கள், டாக்டர்’ என்றான். அதை ஆங்கிலத்தில் சொன்னான்.